பழைய கார், புதுப் பெயின்ட், உள்ளே துரு: வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் துருவைப் பற்றித்தான். ஆச்சரியமில்லை. தை பிறந்ததும் பழைய கார் தேடுகிறவர்கள் கூடுவார்கள். மழையில் ஊறிய வண்டிகள் டிங்கரிங் பட்டறையிலிருந்து பளபளவென்று வெளியே வருவதும் அதே சமயத்தில்தான்.

தூத்துக்குடியில் 2014 மாடல் சின்னக் கார் ஒன்று பார்த்திருக்கிறேன். பெயின்ட் புதிதுபோல இருக்கிறது. கதவின் அடி ஓரத்தில் மட்டும் கடுகு அளவில் இரண்டு கொப்புளம். கல் தெறித்தது என்கிறார் விற்பவர். நம்பலாமா?

கல் தெறித்தால் நடுவில் பெயின்ட் பெயர்ந்த புள்ளி இருக்கும், துரு அதைச் சுற்றித்தான் படரும். பெயராமல் உப்பியிருந்தால் சங்கதி வேறு. இரும்பு துருவாகும்போது முன்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும், அதுதான் பெயின்ட்டை அடியிலிருந்து தூக்குகிறது.

கதவின் அடியில் வருவது பெரும்பாலும் உள்ளிருந்து வந்ததாகவே இருக்கும். ஏற்றி இறக்கும் கண்ணாடியை ஒட்டி மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்புதான். அது வெளியேற அடிவிளிம்பில் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். மண்ணும் சருகும் அவற்றை அடைத்துவிட்டால் நீர் உள்ளேயே நிற்கும். உங்கள் ஊர்க் கடற்காற்றில் உப்பு வேறு இருக்கிறது. உப்புப் படிவு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், துருவும் வேகம் பிடிக்கும். வெளியே கடுகு அளவு என்றால் உள்ளே உள்ளங்கை அளவு இருந்தாலும் வியக்க மாட்டேன். கதவைத் திறந்து, தகடு மடிந்திருக்கும் அடிவிளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். செதில் செதிலாகக் கையோடு வந்தால் அந்தக் கதவின் கதை முடிந்தது.

காந்தம் வைத்துப் பார்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பார்க்கலாம். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, முதலில் கூரையில் வைத்து எவ்வளவு இழுக்கிறது என்று பழகிக்கொள்ளுங்கள். பிறகு சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி, டிக்கி ஓரம் என்று நகர்த்துங்கள். பிடி தளர்கிற இடத்தில், பள்ளத்தை நிரப்பிச் சமன்செய்யும் பட்டி தடிமனாகப் பூசியிருக்கிறது. பெயின்ட்டின் தடிமனை அளக்கும் மைக்ரான் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. கம்பெனிப் பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரானில் இருக்கும், ஆயிரத்தை நெருங்கினால் அது பட்டிதான். ஆனால் ஒன்று, காந்தம் காட்டிக்கொடுப்பது பட்டியை மட்டும்தான். மெல்லிய பெயின்ட்டுக்கு அடியில் ஊறும் துரு அதற்குத் தெரியாது. பிளாஸ்டிக் பம்பரில் காந்தம் ஒட்டவில்லை என்று விற்பவரோடு சண்டைக்கும் போய்விடாதீர்கள்.

கதவு கழற்றி மாட்டுகிற பொருள். அது மட்டும் கெட்டிருந்தால் விலையைக் குறைத்துக்கொண்டு வாங்கலாம். கதவுக்குக் கீழே நாம் கால் தாண்டி ஏறும் ரன்னிங் போர்டு பகுதி அப்படியல்ல. இன்றைய கார்களில் பாடியைத் தாங்கும் தனிச் சேஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. அங்கே துரு என்றால் முதுகெலும்பில் துரு. நான் வாங்க மாட்டேன்.

காரின் அடியில் புதிதாகக் கறுப்புக் கோட்டிங் அடித்திருக்கிறார்கள். இது நல்ல விஷயம்தானே?

விற்கப்போகிற வண்டிக்கு யார் வீண் செலவு செய்வார்கள்? கார் புதிதாக இருந்தபோது அடித்த கோட்டிங்கில் மண் ஒட்டியிருக்கும், கல் பட்ட தழும்பு இருக்கும், பில்லும் எங்காவது இருக்கும். கன்னங்கரேலென்று வாசனை போகாமல் இருந்தால் கட்டைவிரலால் அழுத்துங்கள். அடியில் தகடு நொறுங்குகிற சத்தம் கேட்கிறதா என்று கவனியுங்கள். துருவின் மேலேயே கோட்டிங் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு வேலையைத் தொடரும். சில ஊர்களில் கழிவு ஆயிலை அடிக்கிற பழக்கம் உண்டு. ரப்பர் புஷ்கள் ஊறிக் கெடும், சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கவும் வாய்ப்பு. அந்த வண்டிக்கு முதலில் வாட்டர் சர்வீஸ் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

பிரேக் டிஸ்க்கும் சைலன்சரும் துருப்பிடித்திருக்கின்றன. வேண்டாமென்று விடட்டுமா?

விட வேண்டாம். ஒரு ராத்திரி மழையில் நின்றாலே டிஸ்க்கில் செம்மண் நிறம் ஏறிவிடும், நாலு முறை பிரேக் பிடித்தால் போய்விடும். சைலன்சரில் ஓட்டை விழாதவரை மேல்துரு பெரிதல்ல. பிரேக் எண்ணெய் போகும் இரும்புக் குழாய்களில் செதில் துரு இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். அது உயிர் விஷயம்.

ராமேஸ்வரம் பக்கம் மீன் லோடு அடித்த பிக்அப் ஒன்று மலிவாக வருகிறது. இன்ஜின் அருமையாக இருக்கிறது. வாங்கலாமா?

இன்ஜின் அருமையாகத்தான் இருக்கும். மீன் பெட்டியிலிருந்து வழியும் ஐஸ் தண்ணீர் உப்புத் தண்ணீர். அது பல வருடம் பின்பக்கத்துச் சேஸ் மேலேயே சொட்டியிருக்கும். இந்த மாதிரி வண்டிகளில் பாடி தனி, ஏணிபோன்ற சேஸ் தனி. பாடி எவ்வளவு பழுதானாலும் மாற்றிவிடலாம், சேஸ் போனால் வண்டியே போனது. கீழே படுத்து, பின் ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் பிராக்கெட்டுகள், குறுக்குச் சட்டம் சேரும் மூலைகள், ரிவெட் தலைகள் எல்லாவற்றையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் சரி. மொத்தென்று கேட்டால், உள்ளே துருச் செதில் நிரம்பியிருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தோன்றாது: சேஸ் நம்பர். பெயர் மாற்றும்போது அதைப் பென்சில் பிரின்ட் எடுத்துக் கேட்பார்கள். துரு அரித்து எண்கள் படிக்க முடியாமல் போயிருந்தால், ஆர்டிஓ அனுமதி வாங்கித்தான் மறுபடி பொறிக்க வேண்டும், நாமாகக் கை வைக்கக் கூடாது. முன்பணம் கொடுக்கும் முன்பே நீங்களே ஒரு பிரின்ட் எடுத்துப் பாருங்கள்.

சென்னையில் பார்க்கும் எந்தக் காரையும் வெள்ளத்தில் நின்றதோ என்று சந்தேகமாகவே இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

2015 டிசம்பரையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் மழையையும் பார்த்த ஊர், சந்தேகம் நியாயம்தான். சீட் கவரும் மேட்டும் மாற்றிவிடுவார்கள். யாரும் கழற்றாத இடத்தைப் பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சேற்றுக் கோடு அங்கே தங்கியிருக்கும். சீட்டை முன்னும் பின்னும் தள்ளி, தண்டவாளத்தையும் அதன் போல்ட் தலைகளையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டாஷ்போர்டுக்கு அடியில் பிராக்கெட்டுகளும் ஸ்க்ரூக்களும் துருவேறியிருந்தால் தண்ணீர் அதுவரை ஏறியிருக்கிறது என்று அர்த்தம். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியைத் தவறவிடாதீர்கள். ஆனால் அங்கே மட்டும் துரு இருந்தால் அது டிக்கி மூடியின் ரப்பர் பீடிங் ஒழுகியதால்கூட இருக்கலாம்.

பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் கிளெய்ம் விவரம் கேளுங்கள். பழுது பார்க்கும் செலவு பாலிசியில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கு முடிப்பார்கள். அப்படிக் கழித்த வண்டிகளும் ஏலம் போய், தேற்றப்பட்டு, திரும்பச் சந்தைக்கு வருவதுண்டு.

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். ஜப்பானிலிருந்து வரும் பாவித்த கார் வாங்க எண்ணம். அங்கே பனிப்பகுதி வாகனம் துருப்பிடிக்கும் என்கிறார்களே?

உண்மைதான். ஹொக்கைடோ போன்ற பனிப்பகுதிகளில் வீதியில் பனி உறையாதிருக்க உப்பு தூவுவார்கள். மேலே கீறல்கூட இல்லாத வாகனத்தின் அடிப்பகுதி துருவேறிச் சிவந்திருப்பது அதனால்தான். ஜப்பானில் ஏலத்துக்கு வரும் வாகனத்தைப் பரிசோதித்து எழுதும் ஏல அறிக்கையின் மூலப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அதில் எஸ் என்ற எழுத்து துருவையும், சி என்ற எழுத்து அரிப்பையும் குறிக்கும். பக்கத்தில் இருக்கும் எண் கூடக்கூடச் சேதமும் கூடுதல். தரப்புள்ளியை மட்டும் சொல்லி அறிக்கையைக் காட்டாதவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள்.

வாங்கியாயிற்று. இப்போதுதான் மேட்டைத் தூக்கினேன், டிரைவர் காலடியில் விரல் போகும் அளவு ஓட்டை. இன்சூரன்ஸ் தருமா?

தராது. துருவைத் தேய்மானக் கணக்கில் தள்ளிவிடுவார்கள். எம்சீலோ ஃபைபரோ வைத்து அடைத்துத் தருகிறேன் என்பவரிடம் விடாதீர்கள். துரு இல்லாத நல்ல தகடு வரும்வரை வெட்டி, அதே கனத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் எலக்ட்ரானிக்ஸ் செலவு தனியாக வரும். முடிந்த பிறகு இரண்டு பக்கமும் பிரைமர் அடித்தார்களா என்று நேரில் நின்று பாருங்கள். சூட்டில் பின்பக்கப் பெயின்ட் கருகியிருக்கும், அதை அப்படியே விட்டால் அடுத்த ஐப்பசியில் அதே இடத்தில் ஓட்டை.