கோட்டைக்கு ஏறும் முன் மாடிப்படி

கேள்வி: வரும் ஏப்ரலில் மகனைப் பார்க்க வியன்னா போகிறோம். டான்யூப் ஆற்றுக்கு மேலே டியூர்ன்ஷ்டைன் என்ற இடிந்த கோட்டைக்கு நடந்தே ஏறலாம் என்கிறான். எனக்கு 60 வயது, மனைவிக்கு 56. தினமும் கடற்கரை மணலில் 4 கி.மீ. நடக்கிறோம். அந்தப் பழக்கம் போதுமா?
- வாசகர், கீழக்கரை

பதில்: மூச்சுக்குப் போதும், முழங்காலுக்குப் போதாது. மணல் நடை கெண்டைக்காலை இறுக்கும். மலையிலிருந்து இறங்கும்போது உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துவதோ தொடையின் முன்பக்கத் தசை. கீழக்கரையிலிருந்து மண்டபம் வரை தரை தட்டை. அந்தத் தசைக்கு வேலையே இல்லை. ஏறும்போது ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் கட்டிலை விட்டு எழும்போது தெரியும்.

கோட்டைக்குக் கீழே உள்ள ஊர் ஆற்றங்கரையில், கோட்டை கடல்மட்டத்திலிருந்து 312 மீட்டரில். ஊரிலிருந்து ஏற்றம் ஏறத்தாழ 100 மீட்டர், திருச்சி மலைக்கோட்டையைவிடச் சற்று அதிகம். ஒரு மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 33 மாடி. முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டு மாடிப்படியில் 8 தடவை ஏறி இறங்குங்கள். வாரத்துக்கு 5 கூட்டினால் ஆறாவது வாரம் 33 வந்துவிடும். இறங்கும்போது சுவரில் கை வைத்து, காலைப் பொத்தென்று போடாமல் மெதுவாக வையுங்கள். முட்டி வீங்கினால் நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

பாதையில் கற்படிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது; ஈரமானால் வழுக்கும். ஏற அரை மணி என்பார்கள், நீங்கள் முக்கால் மணி வைத்துக்கொள்ளுங்கள். அடியில் வரிப்பள்ளம் உள்ள ஷூ, வழக்கத்தைவிட அரை அளவு பெரிதாக வாங்குங்கள். இல்லாவிட்டால் இறக்கத்தில் விரல் முன்னால் முட்டி நகம் கறுக்கும். இறங்கும் முன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டுங்கள். பருத்தி பனியன் வேண்டாம்: வியர்வையில் நனைந்து, மேலே காற்று பட்டதும் உடம்பு நடுங்கும். மனைவிக்குச் சேலை வேண்டவே வேண்டாம், படியில் கொசுவம் காலில் சிக்கும். ஆளுக்கு 1 லிட்டர் தண்ணீர் கீழிருந்தே எடுத்துப் போங்கள்.

கேள்வி: அந்தக் கோட்டைக்கு என்ன வரலாறு?
- வாசகி, ராமேஸ்வரம்

பதில்: கூன்ரிங் என்ற ஆஸ்திரியப் பிரபுக் குடும்பத்தார் 12-ஆம் நூற்றாண்டில் கட்டியது. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் 1192 டிசம்பரில் பிடிபட்டு, இங்கேதான் அடைபட்டிருந்தார். 1645-இல் சுவீடன் படை வெடி வைத்துத் தகர்த்தது. சுவர்மேல் ஏறிப் படம் எடுக்காதீர்கள். காரை உதிர்ந்த கல் உறுதியாக இருப்பதுபோலத் தெரியும், மிதித்தால் ஆடும்.