நம்பகமான தளங்களுக்கு மட்டுமே போகிறேன், ஆன்டிவைரஸும் இருக்கிறது. விளம்பரம் வழியாக வைரஸ் வருமா?

வரும். பக்கத்தில் தெரியும் விளம்பரத்தைப் பெரும்பாலும் அந்தத் தளத்துக்காரர் தேர்ந்தெடுப்பதே இல்லை. நீங்கள் பக்கத்தைத் திறந்த நொடியில் அந்தக் காலி இடம் ஏலத்துக்குப் போகிறது. அதிகம் கேட்டவரின் விளம்பரம் வேறொரு சர்வரிலிருந்து வந்து உட்காருகிறது. மோசடிக்காரரும் காசு கொடுத்து அந்த ஏலத்தில் நிற்கலாம். 2016 மார்ச்சில் பிபிசி, நியூயார்க் டைம்ஸ் போன்ற தளங்களிலேயே இப்படி விளம்பரம் வழியாகத் தீய நிரல்கள் பரவின.

அன்றைக்குப் பழைய பிரவுசரிலும் வீடியோ, அனிமேஷன் ஓட்ட அதோடு சேர்த்துக்கொண்ட ஃபிளாஷ் போன்ற பிளகின்களிலும் இருந்த ஓட்டை வழியாக, கிளிக் செய்யாமலே உள்ளே புகுந்துவிடுவார்கள். 2020 கடைசியோடு ஃபிளாஷுக்கு மூடுவிழா நடந்துவிட்டது, பிரவுசர்களும் தாமாகவே அப்டேட் ஆகின்றன. அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் அந்த வழி பெருமளவு அடைபடும். அதனால் இப்போது கதவை உடைப்பதைவிட, உங்களையே திறக்கவைப்பதுதான் அதிகம்.

எனக்கு மிகவும் கவலை தருவது போலி கேப்சா. 'நான் ரோபோ அல்ல' என்று வழக்கமான பெட்டி வரும். அதைத் தொட்டதுமே அந்த வலைப்பக்கத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரல், ஒரு கட்டளையைச் சத்தமில்லாமல் உங்கள் கிளிப்போர்டில், அதாவது காப்பி செய்தது தங்கும் இடத்தில், வைத்துவிடும். அடுத்து, விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்துங்கள், பேஸ்ட் செய்யுங்கள், என்டர் தட்டுங்கள் என்று படிப்படியாகச் சொல்லும். செய்தால் பாஸ்வேர்டு திருடும் நிரல் இறங்கிவிடும். நீங்களே ஓட்டிய கட்டளை என்பதால் பிரவுசரின் பாதுகாப்பு அதில் குறுக்கே வராது, ஆன்டிவைரஸும் தவறவிடலாம். உண்மையான கேப்சா எதுவும் பிரவுசரை விட்டு வெளியே போய் எதையும் செய்யச் சொல்லாது. வீட்டில் கணினி பயன்படுத்தும் எல்லோருக்கும் இந்த ஒன்றையாவது தயவுசெய்து சொல்லிவையுங்கள்.

அப்புறம், தேடல் முடிவுகளின் உச்சியில் வரும் விளம்பரங்கள். ஒரு மென்பொருளின் பெயரைத் தேடினால், அதே லோகோவோடு போலித் தளம் முதலில் நிற்கும். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றி எச்சரித்தபோது, விளம்பரங்களைத் தடுக்கும் ஆட் பிளாக்கர் போட்டுக்கொள்ளும்படி பொதுமக்களுக்கு வெளிப்படையாகவே சொன்னது.

நானும் அதையேதான் சொல்வேன். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் யூபிளாக் ஆரிஜின் என்ற ஆட் பிளாக்கரைப் போடுங்கள், ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் வேலை செய்யும். அது விளம்பரத்தைக் கண்ணுக்கு மறைப்பதோடு நிற்பதில்லை, விளம்பர சர்வருக்குக் கோரிக்கையே போகாமல் நிறுத்துகிறது. வராத ஸ்கிரிப்ட் ஓட முடியாது. குரோமில் எக்ஸ்டென்ஷன்களுக்கான (பிரவுசரில் சேர்க்கும் இதுபோன்ற துணை நிரல்கள்) விதிகள் மாறிவிட்டதால் அதன் லைட் பதிப்புதான் கிடைக்கும். கொஞ்சம் பலம் குறைவு, ஆனாலும் இல்லாததைவிட நல்லது. இரண்டையும் எழுதியவர் ரேமண்ட் ஹில். பெயரைக் காப்பியடித்த போலிகள் உண்டு, பார்த்துப் போடுங்கள். விளம்பர வருமானத்தை நம்பி உழைக்கும் தளங்கள் பாதிக்கப்படுமே என்பது நியாயமான வருத்தம். பிடித்த தளத்துக்கு வேறு வழியில் காசு கொடுக்க முடிந்தால் கொடுங்கள்.

நீங்கள் அனுமதிக்காத தளங்களின் ஸ்கிரிப்டை நிறுத்தும் நோஸ்கிரிப்ட் என்ற எக்ஸ்டென்ஷன் இதைவிடக் கறாரானது. ஆனால் பல தளங்கள் உடைந்துபோகும், பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும் சரி. மற்ற எக்ஸ்டென்ஷன்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். பலரும் நம்பிய தி கிரேட் சஸ்பெண்டர் என்ற குரோம் எக்ஸ்டென்ஷன் வேறொருவருக்குக் கைமாறிய பிறகு, அதில் தீய நிரல் இருப்பதாகச் சொல்லி 2021-ல் கூகுளே அதை நீக்கியது.

'தொடர அலோ கொடுங்கள்' என்று நோட்டிபிகேஷன் கேட்கும் பக்கத்தை உடனே மூடுங்கள். திரை முழுக்க வைரஸ் எச்சரிக்கையும் போன் நம்பரும் வந்தால், எஸ்கேப் கீயைச் சில நொடிகள் அழுத்திப்பிடித்து முழுத்திரையிலிருந்து வெளியே வந்து டேபை மூடுங்கள். அந்த நம்பருக்குப் பேசாதீர்கள்.

ஏற்கெனவே அப்படி ஏதாவது கட்டளையை பேஸ்ட் செய்திருந்தால், முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு சாதனத்திலிருந்து மின்னஞ்சல், வங்கி பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். கூடவே 'எல்லா சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள். நீங்கள் ஏற்கெனவே லாகின் செய்திருப்பதைத் தளத்துக்குக் காட்டும் லாகின் குக்கீகளும் திருடுபோயிருந்தால், பாஸ்வேர்டை மாற்றினாலும் அவர்கள் உள்ளேயே இருக்கக்கூடும். அந்தக் கணினியில் விண்டோஸைப் புதிதாக நிறுவிய பிறகு மறுபடி பயன்படுத்துங்கள்.