பிரிஷ்டினாவை விட்டுவிட்ட கதை

கேள்வி: இரண்டாம் உலகப்போரில் அல்பேனியர்கள் ஒரு யூதரைக்கூட நாஜிகளிடம் காட்டிக்கொடுக்கவில்லை என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா?

பதில்: அல்பேனியா என்ற நாட்டைப் பற்றி என்றால் ஏறக்குறைய உண்மை. அல்பேனியர்கள் எல்லாரையும் பற்றி என்றால் இல்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போருக்கு முன் அந்த நாட்டில் இருந்த யூதர்கள் சுமார் 200 பேர். போர் முடிந்தபோது, தப்பி வந்து சேர்ந்தவர்களால், அதைவிடப் பல மடங்கு. ஊரார் அதற்குச் சொல்லும் காரணம் ‘பேசா’, அதாவது கொடுத்த வாக்கு, வாசலுக்கு வந்தவரை உயிர் போனாலும் கைவிடக்கூடாது என்பது. அல்பேனியாவின் தலைநகர் டிரானாவில் யூதரான மோஷே மண்டிலிடம் புகைப்படத் தொழில் பழகிக்கொண்டிருந்த ரெஃபிக் வெசெலிக்கு அப்போது 17 வயது. ஜெர்மானியர் வந்ததும் அந்தக் குடும்பத்தைக் குரூயா மலையிலிருந்த தன் பெற்றோர் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டான். பெரியவர்கள் தொழுவத்துக்கு மேலே ஒரு சிறிய அறையில் ஒளிந்திருக்க, பிள்ளைகள் ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்ந்தார்கள். இதைப் படிக்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கிறது.

ஆனால் பக்கத்திலேயே இருக்கும் கொசோவோ? அங்கேயும் அல்பேனிய மொழிதான், அங்கேயும் அதே பேசாதான். யூதர்களைக் காப்பாற்றிய குடும்பங்கள் அங்கேயும் உண்டு. ஆனாலும் 1944 மே மாதம், பெரும்பாலும் கொசோவோ அல்பேனியர்களைச் சேர்த்து ஜெர்மானியர் உருவாக்கிய ‘ஸ்கந்தர்பெக்’ என்ற எஸ்.எஸ். (நாஜிகளின் ஆயுதப் பிரிவு) படை, கொசோவோவின் முக்கிய நகரமான பிரிஷ்டினாவில் வீடு வீடாகப் புகுந்து 281 யூதர்களைப் பிடித்தது. அவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனியிலிருந்த பெர்கன்-பெல்சன் வதை முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள், பலர் திரும்பவே இல்லை.

இன்னொன்றும் கேளுங்கள். அல்பேனியாவில் யூதர் பட்டியலை ஜெர்மானியரிடம் கொடுக்க மறுத்த உள்துறை அமைச்சர் ஜாஃபர் தேவா, கொசோவோக்காரர். அந்த எஸ்.எஸ். படைக்கு ஆள் சேர்த்தவரும் அவரேதான். இவரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? போருக்கு முன் அங்கே ஆண்ட செர்பியர்மீது இருந்த பகையும், போரின்போது அல்பேனியாவோடு இணைக்கப்பட்ட கொசோவோவை அப்படியே சேர்த்து வைத்திருக்கலாம் என்ற ஆசையும் அங்கே பலரை ஜெர்மானியர் பக்கம் தள்ளின. வாக்குக் கொடுப்பது ரத்தத்தில் ஊறிய குணம் என்றால் மலைக்கு இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் எங்கே போனது?

வெசெலி குடும்பம் செய்தது அவர்கள் செய்தது. அதை ஓர் இனத்துக்கே பொதுச் சொத்தாக எழுதி வைத்தால், பிரிஷ்டினாவில் பிடிபட்ட அந்த 281 பேர் கதையிலேயே இல்லாமல் போய்விடுகிறார்கள். உங்களுக்கு அந்தச் செய்தியை அனுப்பியவருக்கு இதையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.