குடும்பத்தோடு தீம் பார்க் போகும்போது 'சிங்கிள் ரைடர்' வரிசை உதவுமா?

பள்ளி விடுமுறையில் கோலாலம்பூரிலிருந்து யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூருக்குப் போகிறோம், மொத்தம் ஐந்து பேர், கூடுதல் காசு கொடுத்து சீக்கிரம் ஏறும் எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கினால் கட்டுப்படியாகாது, தனித்தனியாக உட்காரச் சம்மதிப்பவர்களுக்கான சிங்கிள் ரைடர் வரிசையை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்களும் ஐந்து பேராகத்தான் போனோம். நான், வீட்டுக்காரர், 13 வயது மகன், 8 வயது மகள், என் அக்கா. செந்தூலிலிருந்து கிளம்பி, டிபிஎஸ் பஸ் நிலையத்தில் இரவு பஸ் ஏறி, விடிய விடிய ஜொகூர் பாலத்தைத் தாண்டி, காலையில் பார்க் வாசலில் இருக்கும் அந்தச் சுழலும் யூனிவர்சல் உருண்டைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். நம்பலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் அதில் போய் நிற்க வேண்டாம்.

கோலாலம்பூரின் பழைய புடுராயா பஸ் நிலையத்தில் வெளியூர் டாக்சி ஏறியவர்களுக்கு இந்த வரிசையின் கணக்கு உடனே புரியும். நாலு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். மூன்று பேர் உள்ளே உட்கார்ந்திருக்க, டிரைவர் வெளியே நின்று "ஈப்போ, ஈப்போ, சத்து ஓராங் லாகி!" (இன்னும் ஒரே ஒரு ஆள்!) என்று கூவுவார். பிள்ளைகுட்டிகளோடு வந்த குடும்பம் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். ஒரே ஒரு பையோடு தனியாக வரும் என் அப்பா நேராகப் போய் ஏறிக்கொள்வார். சிங்கிள் ரைடர் என்பதும் இதுதான். மீந்து நிற்கும் ஓர் இடத்தை நிரப்ப ஓர் ஆள்.

இருட்டுக்குள் ஓடும் ரோலர் கோஸ்டரான மம்மி ரைடை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வண்டியில் நாலு இருக்கை வரிசை, வரிசைக்கு நாலு பேர், ஆக 16 இருக்கைகள். இன்னொரு ரைடான டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வண்டியில் மூன்று இருக்கை வரிசை, 12 பேர். பொது வரிசையில் மூன்று பேர் கொண்ட குடும்பங்களாக வந்துகொண்டிருந்தால், வண்டியின் ஒவ்வொரு இருக்கை வரிசையிலும் ஓர் இடம் காலி. மம்மியின் ஒரு வண்டிக்கு நாலு தனி ஆள் ஏறலாம். இரண்டிரண்டு பேராக, நாலு நாலு பேராக வந்தால் காலி இடமே விழாது, தனி வரிசை அப்படியே நிற்கும். அதனால் அந்த வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பொது வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு பார்வை பாருங்கள். சின்னப் பிள்ளையோடு வந்த அப்பா அம்மாக்கள் நிறைய இருந்தால் தைரியமாக நுழையலாம். ஜோடி ஜோடியாக நின்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சிவப்பு, நீலம் என்று இரண்டு பாதையில் ஓடும் ரோலர் கோஸ்டரான பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவில் 2015இல் வண்டிகளை மாற்றி, வரிசைக்கு நாலு இருக்கை என்பதை இரண்டாக்கிவிட்டார்கள். அங்கே மூன்று பேர், ஐந்து பேர் என்று ஒற்றைப்படையில் வருபவர்களால்தான் இடம் விழும்.

இப்போது நம் ஐந்து பேர் கணக்குக்கு வருவோம். இருக்கை வரிசைக்கு நாலு பேர் என்றால் ஐந்தில் ஒருவர் எப்போதும் மிச்சம். எங்கள் வீட்டில் அந்த ஒருவர் யார் என்று யாரும் கேட்டதே இல்லை. அது அக்காதான். "நீங்க போயிட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கிறேன்" என்பாள். கேமரன் மலையானாலும் லங்காவியானாலும் அதே வார்த்தை. தண்ணீர் போத்தல், குடை, பிள்ளையின் சட்டை, எல்லாம் அவள் மடியில். அவளுக்கு விருப்பமில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

மம்மி வாசலுக்குப் போனபோது இன்னொரு சிக்கல் வந்தது. அதற்குக் குறைந்தது 122 செ.மீ. உயரம் வேண்டும், மகள் 118தான். யாராவது ஒருவர் அவளோடு வெளியே இருக்க வேண்டும். வழக்கம்போல அக்கா கையை நீட்டினாள். வீட்டுக்காரர்தான், "இந்தத் தடவை நான் இருக்கிறேன், நீங்க மூணு பேரும் போங்க" என்றார். பொது வரிசைப் பலகையில் 70 நிமிடம் என்று போட்டிருந்தது. மகன் சிங்கிள் ரைடர் பலகையைக் காட்டினான். மூன்று பேரும் அதில் நுழைந்து, இருபது நிமிடத்துக்குள் ஆளுக்கொரு வண்டியில் போய்விட்டோம். எனக்கு முந்தைய வண்டியில், ஒரு சீனக் குடும்பத்துக்குப் பக்கத்தில், கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். 52 வயதில் அவள் ஏறிய முதல் ரோலர் கோஸ்டர் அதுதான். உள்ளே முழு இருட்டு, நடுவில் வண்டி பின்னோக்கி வேறு ஓடும். வெளியே வந்தவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "மறுபடியும் போகலாமா?"

அப்புறம் வீட்டுக்காரரின் முறை. நாங்கள் மகளைப் பார்த்துக்கொள்ள, அவர் தனியாகப் போய் வந்தார். பெரியவர்கள் மாறி மாறிப் போக இந்த வரிசையைவிட வசதியான வழி எனக்குத் தெரியவில்லை. ஒருவர் போய் வர அரை மணி நேரத்துக்குள் முடிகிறது, வெளியே இருப்பவர் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருக்கலாம். கைக்குழந்தை இருந்தால் வாசலில் நிற்கும் பணியாளரிடம் 'சைல்ட் ஸ்வாப்' பற்றியும் கேளுங்கள். இருவரும் வரிசையில் ஒருமுறை நின்றால் போதும், ஒருவர் ஏறி இறங்கும்வரை மற்றவர் குழந்தையோடு காத்திருந்து பிறகு ஏறலாம்.

ஆனால் ஒரு ரைடையாவது எல்லோரும் சேர்ந்து, பொது வரிசையில் முழுசாக நின்று போங்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸை அப்படிப் போகச் சொல்வேன். அங்கே வரிசை நெடுக இருக்கும் திரைகளில்தான் கதை ஆரம்பிக்கிறது, எதைத் தூக்கிக்கொண்டு யாரிடமிருந்து தப்பி ஓடுகிறோம் என்பதே அதில்தான் வருகிறது. தனி வரிசை அதைத் தாண்டி நேராக ஏறும் இடத்துக்குக் கொண்டுபோய் விடும். படம் பார்த்த பிள்ளைக்குப் பரவாயில்லை, பார்க்காத பெரியவருக்கு என்ன நடக்கிறதென்றே புரியாது. இன்னொரு காரணமும் உண்டு. அதில் 102 செ.மீ. இருந்தால் ஏறலாம் என்றாலும் 122க்குக் கீழே உள்ள பிள்ளையோடு பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட பிள்ளையைத் தனி வரிசைக்குக் கூட்டிப் போக முடியாது. விதி அனுமதிக்கிற உயரம் இருந்தாலும், முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்காரப் பயப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாதீர்கள். போவதற்கு முன்பே, வீட்டிலேயே, "நீ தனியா உட்காருவியா?" என்று கேட்டுவிடுங்கள். ஏறும் இடத்துக்குப் போய்ப் பிள்ளை அழுதால் பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்திருக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வரிசையில் போய்விட்டு, "நாங்க ரெண்டு பேர், சேர்த்து உட்கார வையுங்க" என்று பணியாளரிடம் கேட்காதீர்கள். எங்களுக்கு முன்னால் இரண்டு இளைஞர்கள் கெஞ்சிக்கொண்டே நின்றதில் இரண்டு வண்டிகள் அந்த இடம் காலியாகவே போயின. மணிக்கணக்காகப் பொது வரிசையில் நிற்பவர்கள் நம்மை முறைக்காமல் இருப்பதற்குக் காரணமே, அவர்களில் யாருக்கும் உதவாத இடத்தில் நாம் உட்காருகிறோம் என்பதுதான்.

எங்களுக்கு நடந்த ஒரு தடுமாற்றம் உங்களுக்கு நடக்க வேண்டாம். மம்மியில் பையையும் போனையும் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக முடியும். (குறிப்பிட்ட நேரம்வரை இலவசம், அதற்கு மேல் காசு.) முதலில் இறங்கிய மகன் வெளியேறும் வழியில் இருக்கும் கடைக்குள் நின்றுவிட்டான், நானும் அக்காவும் லாக்கர் பக்கம் நின்றோம். யார் கையிலும் போன் இல்லை. கால் மணி நேரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏறும் முன்பே சந்திக்கும் இடத்தை முடிவு செய்யுங்கள்: கடையைத் தாண்டி, வெளியே, இந்தத் தூணுக்குப் பக்கத்தில் என்று கையால் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள்.

மழையையும் கணக்கில் வையுங்கள். இடி மின்னல் வந்தால் பேட்டில்ஸ்டார் மாதிரி திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், கூட்டம் மொத்தமும் மம்மிக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கும் ஓடும். அப்போது தனி வரிசையும் நிரம்பிவிடும், ரொம்ப நீண்டால் அதை மூடியும் வைப்பார்கள். அதனால் வானம் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் பேட்டில்ஸ்டாரை முடித்துவிடுங்கள். அதற்கு 125 செ.மீ. வேண்டும், உங்கள் பிள்ளைகளின் உயரத்தை வீட்டிலேயே செருப்பில்லாமல் அளந்துகொண்டு கிளம்புங்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அக்கா பேட்டில்ஸ்டாரின் சிவப்புப் பாதையில் ஒருமுறை, கால் தொங்கும் நீலப் பாதையில் ஒருமுறை, திரும்ப மம்மியில் ஒருமுறை, எல்லாம் தனி வரிசையில் தனியாகவே போய் வந்தாள். பையை நான் வைத்திருந்தேன்.