தாமதமாக வந்தவருக்கு எத்தனை சிப்ஸ்?

அன்புள்ள ஐயா,

முத்தியால்பேட்டையில் நண்பர் வீட்டு மாடியில் மாதம் ஒருமுறை ஒன்பது பேர் போக்கர் போட்டி ஆடுகிறோம். காசு கிடையாது, ஜெயித்தவருக்கு ஒரு கோப்பை. ஆளுக்கு 5,000 சிப்ஸ் (பந்தயம் கட்டும் வில்லைகள்). பிளைண்டு, அதாவது சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் முறைவைத்துக் கட்டும் கட்டாயப் பந்தயம் (சிறியது ஸ்மால், பெரியது பிக்), 25–50இல் தொடங்கி, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 50–100, 75–150, 100–200 என்று ஏறும். போன ஞாயிறு கடலூர் நண்பர் மரப்பாலம் நெரிசலில் மாட்டி ஒரு மணி நேரம் கழித்து வந்தார். பாதி சிப்ஸ்தான் கொடுத்தோம். கோபித்துக்கொண்டார். யார் பக்கம் நியாயம்?

– வாசகர், புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

கடலூர்க்காரர் பக்கம்தான். 20 நிமிடத்தில் ஏறக்குறைய ஒரு சுற்று, அதாவது ஆளுக்கு இரண்டு பிளைண்டும் ஒருமுறை வந்துபோகும் அளவு, ஆடியிருப்பீர்கள். அவர் நேரத்துக்கு வந்து, கிடைத்த சீட்டையெல்லாம் கவிழ்த்துப் போட்டிருந்தாலும் மூன்று சுற்றுக்கு 75, 150, 225, ஆக 450தான் போயிருக்கும். நீங்கள் பிடித்தது 2,500. கந்துவட்டிக்காரர்கூட இப்படிப் பிடிக்க மாட்டார்.

அந்த 450ஐயும் பிடிக்கத் தேவையில்லை என்பது என் கட்சி. டிடிஏ எனப்படும் போட்டி இயக்குநர் சங்கத்தின் விதிகளும் தாமதமாகச் சேர்பவருக்கு முழு சிப்ஸ் தரவே சொல்கின்றன. தொடக்கத்தில் 5,000 என்பது 100 பிக் பிளைண்டு. அவர் உட்கார்ந்தபோது வெறும் 25. நல்ல சீட்டுக்காகக் காத்திருக்கும் வசதி போய்விட்டது. அதற்கு மேல் என்ன தண்டனை?

உங்கள் நண்பர்களின் எரிச்சலுக்கும் காரணம் இல்லாமல் இல்லை. அவர் வருவதற்குள் இரண்டு பேர் தோற்று எழுந்திருந்தால், ஒரு சீட்டையும் தொடாமலே அவருக்கு ஏழாவது இடம் உறுதி. சிப்ஸைக் குறைத்து இதைச் சரிசெய்ய முடியாது. கதவை எப்போது சாத்துவது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான்காம் லெவல் (100–200 கட்டம்) முடியும் வரை, அல்லது முதல் ஆள் வெளியேறும் வரை, எது முந்துகிறதோ அது. பெரிய போட்டிகளில் கதவு நெடுநேரம் திறந்திருப்பதற்குக் காரணம் வேறு. ஆள் சேரச் சேரப் பரிசுத்தொகையும் நடத்துபவரின் கட்டணமும் பெருகும். ஒற்றைக் கோப்பைக்கு அந்தக் கவலை ஏது?

இன்னொன்று, நீங்கள் கேட்காதது. வராதவருக்கும் சேர்த்தே தொடக்கத்தில் இடத்துக்குக் குலுக்கிவிடுங்கள். வந்து உட்காரும்போது அந்த இடத்துக்கு பிக் பிளைண்டு வந்தால் உடனே கட்ட வேண்டும். டீலர் பட்டனுக்கும் (சீட்டு போடும் முறை யாருடையது என்று காட்டும் வில்லை) ஸ்மால் பிளைண்டுக்கும் நடுவே மாட்டினால் மட்டும், பட்டன் தாண்டும் வரை சீட்டு கிடையாது. பிளைண்டு தன்னைக் கடக்கட்டும் என்று மாடிப்படியில் நின்று போன் பேசுபவர்களுக்கு இது பிடிக்காது.