அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ஒரே ஒரு நாள்தான் இருக்க முடியும் என்றால் எங்கே போகலாம், என்ன சாப்பிடலாம்?

பாட்டும் சாப்பாடும்தான் முக்கியம், மியூசியம் எல்லாம் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நல்லது. அப்படியானால் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: அந்த ஒரு நாளை போர்பன் தெருவில் தொலைத்துவிடாதீர்கள். பெயர் பெற்ற தெருதான். ஆனால் அங்கே பாட்டைவிடக் குடிதான் அதிகம். ஒருமுறை குறுக்கே நடந்து பார்த்தால் போதும்.

காலையில் கூட்டம் வருவதற்குள் ஊரின் பழைய பகுதியான பிரெஞ்சு குவார்ட்டருக்குப் போய்விடுங்கள். ஜாக்சன் சதுக்கத்துக்கு எதிரே 1862 முதல் இருக்கும் கஃபே டு மோண்டில் காலைச் சாப்பாடு. பீன்யே என்பது சதுரமாக வெட்டிப் பொரித்த மாவு. அதன் மேல் பொடித்த சர்க்கரையைக் குவியலாகக் கொட்டித் தருவார்கள். கடிக்கும்போது மூச்சை உள்ளே இழுக்காதீர்கள், சர்க்கரை தொண்டையில் ஏறி இருமல் வந்துவிடும். கறுப்புச் சட்டையும் வேண்டாம். கூடவே சூடான பால் சேர்த்த சிக்கரி காபி. நம் ஃபில்டர் காபியில் கலக்கிறோமே, அதே சிக்கரிதான்.

அங்கிருந்து வீடுகளையும் இரும்புக் கம்பி வேலைப்பாடுள்ள பால்கனிகளையும் பார்த்துக்கொண்டே ராம்பார்ட் தெருப் பக்கம் நடங்கள். 1788, 1794 தீ விபத்துகளுக்குப் பிறகு ஸ்பானியர் ஆட்சியில் மீண்டும் எழுந்த பகுதி இது. பெயர்தான் பிரெஞ்சு, கட்டட அமைப்பில் ஸ்பெயினின் கை நிறையவே தெரியும்.

தெருவைத் தாண்டினால் லூயி ஆம்ஸ்ட்ராங் பூங்கா. அதற்குள் இருக்கும் காங்கோ சதுக்கத்துக்கு அவசியம் போங்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது: கல் பாவிய வெட்டவெளி, பெரிய ஓக் மரங்கள், சில சிலைகள். ஆனால் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த ஆப்பிரிக்க மக்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடிப் பறையடித்து ஆடிய இடம் இது. தாங்கள் விளைவித்ததையும் சமைத்ததையும் விற்றதும் இங்கேதான். 1817இல் நகராட்சி அவர்கள் கூடுவதை இந்த ஒரே இடத்துக்குள் அடக்கியது. அடக்கியும் அந்தத் தாளம் சாகவில்லை. பின்னாளில் ஜாஸுக்கு உயிர் கொடுத்த வேர்களில் ஒன்று அதுதான். இந்த ஊரில் பாட்டும் சாப்பாடும் தனித்தனி இல்லை, இரண்டும் அதே மக்களின் கையிலிருந்து வந்தவை என்பது அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அதனால்தான் சாப்பாட்டுக்கு முன்னாலேயே உங்களை அங்கே அனுப்புகிறேன்.

மதியம் கம்போ என்ற கெட்டியான குழம்பு. எண்ணெயில் மாவைப் போட்டு, கை ஓயாமல் கிளறி, சாக்லேட் நிறம் வரும்வரை வறுப்பார்கள். கொஞ்சம் கவனம் தப்பினாலும் கருகிவிடும், திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அப்புறம் வெங்காயம், குடைமிளகாய், செலரி மூன்றையும் வதக்கி, இறாலோ கோழியோ சாசேஜோ சேர்த்துக் கொதிக்கவிட்டு, சோற்றோடு தருவார்கள். பல வீடுகளில் வெண்டைக்காயும் உண்டு. வெண்டைக்காய் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, மாவு வறுக்கும் முறை பிரான்சிலிருந்து, சிலர் கடைசியில் தூவும் சாசஃப்ராஸ் இலைப்பொடி சாக்டா பழங்குடியினரிடமிருந்து. ஒரு கிண்ணத்தில் ஊரின் வரலாறே இருக்கிறது. நேரமிருந்தால் ட்ரெமே பகுதியில் 1941 முதல் நடக்கும் டூக்கி சேஸ் உணவகத்தில் சாப்பிடுங்கள். இனப்பிரிவினைச் சட்டங்கள் இருந்த காலத்தில், கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக உட்கார்ந்து போராட்டங்களைத் திட்டமிட்ட இடம் அது.

சைவம் என்றால் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். வெறும் ராஜ்மா சாதம் போலத் தெரியும் ரெட் பீன்ஸிலும் பெரும்பாலும் பன்றி இறைச்சி போட்டுத்தான் வேகவைப்பார்கள்.

வெயில் நேரத்தில் செயின்ட் சார்லஸ் டிராமில் ஏறி உட்காருங்கள். 1835இல் தொடங்கிய தடம். சில்லறை சரியாக இருக்கட்டும், மீதி தரமாட்டார்கள். ஓக் கிளைகளில் மார்டி கிரா திருவிழாவின் மணிமாலைகள் தொங்கும். போய்விட்டு அப்படியே திரும்பினால் காலுக்கும் ஓய்வு.

மாலையில் பிரிசர்வேஷன் ஹால். 1961இல் தொடங்கிய சின்ன ஜாஸ் கூடம். சாப்பாடு, மது எதுவும் இல்லை. மரப் பெஞ்சும் தரையில் மெத்தையும்தான். ஒரு காட்சி முக்கால் மணி நேரம். முன் வரிசையில் உட்கார்ந்தால் டிராம்போனின் குழாய் முழங்காலுக்கு நேராக நீண்டு வரும். வாசிப்பவர் மூச்சை இழுப்பதுகூடக் கேட்கும். டிக்கெட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் எஸ்ப்ளனேட் அவென்யூவைத் தாண்டி ஃபிரெஞ்ச்மென் தெரு. ஸ்பாட்டட் கேட், டி.பி.ஏ., ஸ்னக் ஹார்பர் என்று பாட்டு கிளப்கள் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. வாசலில் நின்று கேட்டுப் பிடித்தால் உள்ளே போகலாம். பல கிளப்களில் 21 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். வாத்தியக்காரர்களுக்குக் காசு போடும் வாளி சுற்றி வரும்போது தாராளமாகப் போடுங்கள், அவர்களில் பலருக்கு அன்றைய வருமானத்தில் பெரும்பங்கு அதுதான். திரும்பும்போது ஆளில்லாத தெருக்களில் நடக்காமல் டாக்சி பிடித்துவிடுங்கள்.

சரி, நீங்கள் போகும் நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்து, கொளுத்தும் கோடை மாதமாக இல்லாமலும் இருந்தால், முதலில் உள்ளூர் வானொலியான டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். இணையதளத்தைப் பாருங்கள். அன்று செகண்ட் லைன் ஊர்வலம் இருந்தால் போகும் வழியைப் போட்டிருப்பார்கள். முன்னால் ஊர்வலத்தை நடத்தும் சங்கத்தாரும் பித்தளை வாத்தியக்காரர்களும் போக, பின்னால் தெருவே ஆடிக்கொண்டு வரும். அப்படி ஒன்று இருந்தால் டிராமை விட்டுவிட்டு அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து நடங்கள்.