லூசி தப்பித்தாள், செவ்வாய்க்கிழமை நாடகம் தப்பவில்லை

போன இதழில் பேச்சுவாக்கில் பழைய டிவி பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான், கொடைக்கானலைச் சுற்றியிருக்கும் ஊர்களிலிருந்து கடிதமாக வந்து குவிந்துவிட்டது. மலைப்பூண்டு விலையைப் பற்றி எழுதியபோதுகூட இவ்வளவு வரவில்லை. சினிமா, ஜாதகம், மாமியார் கேள்விகளையெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: என் அப்பா அந்தக் காலத்தில் கொடையில் ஓர் அமெரிக்கப் பாதிரியார் வீட்டில் சமையல் வேலை பார்த்தார். லீவுக்கு ஊருக்குப் போய் வந்த அந்த வீட்டம்மா, லூசி என்று ஒரு டிவி நாடகத்தைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்களாம். அப்பாவுக்கு டிவி என்றால் என்னவென்றே தெரியாது. இப்போது என் மகள் அந்த லூசியை யூடியூபில் போட்டுக் காட்டினாள். எழுபது வருஷத்துக்கு முந்தின நாடகம், நேற்று எடுத்ததுபோல இருக்கிறது! நாங்கள் பார்த்த தூர்தர்ஷன் செவ்வாய்க்கிழமை நாடகம் ஒன்றைக்கூடத் தேடிப் பிடிக்க முடியவில்லையே, ஏன்? (பெருமாள்மலையிலிருந்து ஒரு வாசகர்)

உங்கள் அப்பா காதில் விழுந்தது 'ஐ லவ் லூசி'. 1951 அக்டோபரில் ஆரம்பித்து 1957 மே வரை அமெரிக்காவில் சிபிஎஸ் சேனலில் ஓடியது. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வாத்தியக்குழு நடத்தும் புருஷன், எப்படியாவது தானும் மேடையேறிவிட வேண்டும் என்று துடிக்கும் பெண்டாட்டி, வாரா வாரம் அவள் இழுத்துவிடும் வம்பு. மிட்டாய்க் கம்பெனியில் வேலைக்குப் போய், பெல்ட்டில் வேகமாக வரும் சாக்லேட்டைப் பொட்டலம் கட்ட முடியாமல் வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணிப்பாளே, உங்கள் மகள் அதைத்தான் காட்டியிருப்பாள், எல்லோரும் முதலில் அதைத்தான் காட்டுவார்கள்.

அது ஏன் பளிச்சென்று இருக்கிறது என்பதற்குப் பின்னால் ஒரு பிடிவாதம் இருக்கிறது. அப்போது அமெரிக்க டிவி பெரும்பாலும் நேரடி ஒளிபரப்புதான், அதுவும் நியூயார்க்கிலிருந்து. நாட்டின் மறுகோடியில் இருக்கிறவர்களுக்காக டிவித் திரைக்கு எதிரே ஒரு ஃபிலிம் கேமராவை வைத்துப் படம் பிடித்து அனுப்புவார்கள், கினஸ்கோப் என்று பெயர். மங்கலாக, கலங்கிய தண்ணீருக்குள் பார்ப்பதுபோல இருக்கும். லூசியாக நடித்த லூசில் பாலும், நிஜத்திலும் அவர் கணவரான டேசி ஆர்னாஸும் ஹாலிவுட்டை விட்டு வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். சினிமாவுக்குப் பயன்படும் 35 எம்எம் ஃபிலிமில், மூன்று கேமரா வைத்து, எதிரே ஜனங்களை உட்காரவைத்து எடுத்தார்கள். ஒளிப்பதிவு கார்ல் ஃப்ராயண்ட், ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' படத்தில் வேலை பார்த்தவர், லேசுப்பட்ட ஆள் இல்லை. செலவு கூடுகிறதே என்று சேனல் முணுமுணுத்தபோது, எங்கள் சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறோம், படச்சுருள் எங்களுக்கே சொந்தம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். ஒரு தடவை ஓடி முடிந்த நாடகத்தை மறுபடி யார் பார்க்கப்போகிறார்கள் என்ற நினைப்பில் சேனலும் தலையாட்டியது. பிற்பாடு அதே சிபிஎஸ் பல மில்லியன் டாலர் கொட்டிக் கொடுத்துத் திருப்பி வாங்கியது தனிக்கதை!

ஃபிலிம் இருந்தால் எத்தனை வருஷம் கழித்தும் புது மெஷினில் போட்டுப் புதிதாகப் பிரதி எடுத்துக்கொள்ளலாம். டேப்புக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது. 1956ல் ஆம்பெக்ஸ் கம்பெனி வீடியோ டேப்பைக் கொண்டுவந்தது. இரண்டு அங்குல அகலம், யானை விலை. அழித்துவிட்டுத் திரும்பப் பதியலாம் என்பதுதான் அதன் பெருமையே, அதுவே எமனாகவும் ஆனது. பிபிசி அப்படி அழித்ததில் 'டாக்டர் ஹூ' என்ற தொடரில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகள் காணாமல் போயின. அதில் ஒன்பது பகுதிகளின் ஃபிலிம் பிரதிகள் நைஜீரியாவில் ஜோஸ் என்ற மேட்டுநிலத்து ஊரின் ஒளிபரப்பு நிலையத்தில் கிடந்தது 2013ல்தான் வெளியே தெரிந்தது.

நம்மிடமும் அதே கதைதான். டேப் தட்டுப்பாடு, நேற்றைய நாடகத்தின் மேல் இன்றைய நிகழ்ச்சி. 'ராமாயணம்' அழியாமல் இருந்ததால்தான் 2020 ஊரடங்கில் திரும்பப் போட முடிந்தது. மயிலாப்பூர் சபாக்காரர்கள் வந்து நடித்துவிட்டுப் போன அரைமணி நேர நாடகத்தை யார் பூட்டி வைத்தார்கள்? ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரசார் பாரதியின் ஆவணப் பிரிவும், பொதிகை என்ற பெயரை மாற்றிக்கொண்ட டிடி தமிழும் தங்களிடம் இருக்கிற பழசை அவ்வப்போது யூடியூபில் போடுகிறார்கள். மகளிடம் தேடச் சொல்லுங்கள், கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கேள்வி: எங்கள் வீடு கோக்கர்ஸ் வாக் பக்கம். எண்பதுகளின் ஆரம்பத்தில் எங்களுக்கு மெட்ராஸ் தெரியாது, இலங்கை ரூபவாஹினி தெரியும். அதுவும் சில ராத்திரிகளில் கண்ணாடி மாதிரி, மறுநாள் சுத்தமாக ஒன்றும் இருக்காது. இது என்ன மாயம்? (கொடைக்கானலிலிருந்து ஒரு வாசகி)

மாயமில்லை அம்மா, இரண்டு மலைகள் ஒன்றையொன்று எட்டிப் பார்த்த கதை. ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் ஆரம்பமானது. அதன் முக்கியமான டிரான்ஸ்மிட்டர் இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகல மலை உச்சியில், 2,524 மீட்டரில் இருக்கிறது. நம் கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். நடுவில் சுமார் 500 கிலோமீட்டர், அதில் பெரும்பகுதி கடலும் சமவெளியும், குறுக்கே நின்று மறைக்க ஆளில்லை. டிவி அலை நேர்கோட்டில் போகிற சமாச்சாரம், பூமி உருண்டை என்பதால் சாதாரண நாளில் அந்தத் தூரம் கொஞ்சம் எட்டாது. ஆனால் காற்று அசங்காமல் நிற்கும் தெளிந்த ராத்திரிகளில் கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றுமாக அடுக்கு தலைகீழாகிவிடும். அப்போது அலை வானத்துக்கு ஓடிப்போகாமல் வளைந்து உங்கள் கூரைக்கு வந்து சேரும். காற்று கலைந்தால் படமும் கலைந்துவிடும். விளிம்பில் இருக்கிற உங்களுக்கு அது வாய்த்தது, பூம்பாறை மாதிரி பள்ளத்து ஊர்க்காரர்களுக்கு அந்த யோகம் குறைவு.

பிறகு கொடையிலேயே தூர்தர்ஷன் கோபுரம் வந்து, மதுரை தேனிக்காரர்கள்கூட ஆன்டெனாவை நம் மலையைப் பார்த்துத் திருப்பினார்கள். அதற்கு முந்தின கூத்தை நானும் பார்த்திருக்கிறேன். இரும்புக் குழாயை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓட்டின் மேல் ஒருத்தர், ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு ஒரு பையன், உள்ளே ஷட்டர் வைத்த டயனோரா பெட்டிக்கு முன்னால் அம்மா. "இப்ப தெரியுதா?" "படம் இருக்கு, சத்தம் இல்ல." "இப்ப?" "ஐயோ, முன்னாடி இருந்த மாதிரியே வைங்க!" முன்னாடி எப்படி இருந்தது என்று மேலே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஒருவழியாகத் திருகி முறுக்கிவிட்டுக் கீழே இறங்கினால், குரங்கு வந்து அலுமினியக் குச்சியைப் பிடித்துத் தொங்கும். திரை முழுக்கப் பூச்சி பறக்கும்.

கேள்வி: அம்மாவும் மாமாவும் எந்நேரமும் "எங்க காலத்து டிவி மாதிரி வருமா" என்கிறார்கள். நானும் சிலதைப் பார்த்தேன், கொட்டாவிதான் வருகிறது. உண்மையைச் சொல்லுங்கள், அது நன்றாகத்தான் இருந்ததா? (தாண்டிக்குடியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

தம்பி, நல்லது கொஞ்சம் இருந்தது, மீதியெல்லாம் ரொம்பச் சுமார். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' ஞாபகம் இருக்கிறவர்களுக்கு, அதற்கு முன்னும் பின்னும் என்ன ஓடியது என்பது மறந்துவிட்டது. புரியாத இந்திச் செய்தியை அடுத்து ஏதாவது வராதா என்று உட்கார்ந்து பார்த்த கூட்டம் இது. "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்ற அட்டையையே எத்தனை நேரம் பார்த்திருக்கிறோம், உன் மாமாவைக் கேள். வேறு சேனல் இல்லை, அதனால் எல்லோரும் ஒன்றையே பார்த்தோம், மறுநாள் பஸ்ஸிலும் கடையிலும் எல்லோரும் அதையே பேசினோம். அந்தப் பேச்சின் ருசிதான் அவர்களை இழுக்கிறது என்பது என் கணிப்பு.

அமெரிக்காக்காரர்களும் 1950களைப் பொற்காலம் என்று உருகுகிறார்கள். ஆனால் 1961லேயே அந்த நாட்டு ஒளிபரப்பு ஆணையத்தின் தலைவர் நியூட்டன் மினோ, சேனல் முதலாளிகளை உட்காரவைத்துக்கொண்டு, உங்கள் டிவி பரந்து கிடக்கிற பொட்டல்காடு என்று முகத்துக்கு நேரே சொன்னார். 'ட்விலைட் ஜோன்' என்ற நல்ல தொடர் ஓடிக்கொண்டிருந்த நேரம் அது! அவர் திட்டியதெல்லாம் மறைந்துபோய்விட்டது, நமக்குக் கையில் கிடைப்பது சல்லடையில் தங்கியது மட்டும். அதை வைத்துக்கொண்டு அந்தக் காலமே தங்கம் என்று சொன்னால் எப்படி? ஆனால் தங்கியதில் எல்லாம் உசத்தி என்றும் இல்லை, நல்லதில் பாதி டேப் அழிந்ததோடு போய்விட்டது என்பதையும் சேர்த்துக்கொள். உன் அம்மா சொல்கிற ஏதோ ஒரு நாடகம் நிஜமாகவே பிரமாதமாக இருந்திருக்கலாம், நிரூபிக்க அவரிடம் ஆதாரம் இல்லை, மறுக்க உன்னிடமும் இல்லை.

கொட்டாவி வராமல் பார்க்க வேண்டுமென்றால், ஷங்கர் நாக் இயக்கிய 'மால்குடி டேஸ்' பார். எல். வைத்தியநாதன் போட்ட அந்த முகப்பு இசைக்காகவே பார்க்கலாம். அப்புறம் 'ட்விலைட் ஜோன்'. அதில் இரண்டாவது சீசனில் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆறு கதையை ஃபிலிமுக்குப் பதிலாக வீடியோ டேப்பில் எடுத்தார்கள், பள்ளிக்கூட ஆண்டுவிழா மாதிரி தட்டையாகத் தெரியும், நீயே கண்டுபிடித்துவிடுவாய்.

கேள்வி: அந்தக் கால ஆங்கிலக் காமெடித் தொடர்களில் கேட்கும் சிரிப்பு நிஜமா, பொய்யா? (வில்பட்டி)

லூசியில் கேட்பது எதிரே உட்கார்ந்திருந்த ஜனங்களின் சிரிப்பு. பல தொடர்களில் பொய். சார்லி டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் 1950களில் ஒரு பெட்டி செய்தார். டைப்ரைட்டர் மாதிரி பொத்தான்கள், ஒவ்வொன்றையும் தட்டினால் ஒரு தினுசுச் சிரிப்பு: கிளுக், கெக்கெக்கே, ஒரு ஆள் மட்டும் கடைசியில் சிரிப்பது. பெட்டியைப் பூட்டியே வைத்திருப்பார், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று வெளியாள் யாருக்கும் காட்டமாட்டார்.

கேள்வி: எங்கள் தாத்தா 1960ல் டில்லியில் டிவி பார்த்தேன் என்கிறார். புளுகுதானே? (பண்ணைக்காடு)

இருக்காது. டில்லியில் 1959 செப்டம்பர் 15ஆம் தேதியே சோதனை ஒளிபரப்பு ஆரம்பமாகிவிட்டது, வாரத்தில் இரண்டு நாள்தான். வீடுகளில் பெட்டி கிடையாது, டெலி கிளப் என்று பொது இடத்தில் வைத்துக் காட்டினார்கள். தினசரி நிகழ்ச்சி 1965ல் வந்தது. மெட்ராஸ் நிலையம் 1975 ஆகஸ்ட் 15ல்தான். தாத்தாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, என்ன பார்த்தார் என்று விசாரித்து எழுதுங்கள்.

கேள்வி: மறைந்த என் கணவர் டிவியிலிருந்து நிறைய நாடகமும் பாட்டும் வீடியோ கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். பீரோவில் அப்படியே இருக்கிறது, எல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போயிருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா? (அட்டுவம்பட்டியிலிருந்து ஒரு வாசகி)

போட்டுவிடாதீர்கள் அம்மா! மேலே எழுதியதெல்லாம் படித்தீர்களா? சென்னை நிலையத்திலேயே இல்லாத ஒன்று உங்கள் பீரோவில் இருக்க வாய்ப்புண்டு.

அந்த வெள்ளை, பூஞ்சணம். நம் ஊர் மூடுபனிக்குச் செருப்பே பூக்கும்போது கேசட் பூக்காதா? கேசட்டின் சின்னக் கண்ணாடி ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். மாவு தூவினது போலவோ நூலாம்படை போலவோ தெரிந்தால், ஆசைக்குக்கூட விசிஆரில் போட்டுப் பார்க்க வேண்டாம். டேப் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும், பூஞ்சணம் விசிஆரின் ஹெட்டில் ஏறி அடுத்த கேசட்டுக்கும் போகும். வெயிலில் காயவைக்கவும் கூடாது, அடுப்புப் பக்கமும் வைக்கக் கூடாது, சூட்டில் டேப் நெளிந்துவிடும். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு வெளிக்கூட்டை மட்டும் உலர்ந்த துணியால் துடையுங்கள். நன்றாக மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு, புத்தகம் அடுக்குகிற மாதிரி நிற்கவைத்து அடுக்குங்கள். ஈரம் ஊறும் வெளிச்சுவர் ஓரம் வேண்டாம்.

பிறகு கல்யாண கேசட்டுகளை மாற்றித் தருகிற ஸ்டுடியோவாகப் பார்த்து, பூஞ்சணத்தைச் சுத்தம் செய்துவிட்டுத்தான் ஓட்டுவீர்களா என்று முதலில் கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, அப்படியே போட்ரலாம்" என்று சொல்கிறவரிடம் கேசட்டைக் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள். ஒத்துக்கொள்கிறவரிடம், நடுவில் வரும் விளம்பரம், அறிவிப்பாளர் பேச்சு, தடங்கல் அட்டை எதையும் வெட்டாமல் முழுசாகப் பதியச் சொல்லுங்கள், எங்கும் மிஞ்சாதது அதுதான். கேசட் முதுகில் உங்கள் கணவர் கையால் எழுதிய தேதியும் பெயரும் இருந்தால், அதை ஒரு போட்டோ எடுத்து அந்த ஃபைலோடு சேர்த்து வையுங்கள். பென்டிரைவ் ஒன்று உங்களிடம், இன்னொன்று வெளியூரில் இருக்கிற பிள்ளையிடம். செவ்வாய்க்கிழமை நாடகம் ஏதாவது கிடைத்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள், பெருமாள்மலைக்காரருக்கு நானே சொல்லி அனுப்புகிறேன்.